கல்யாண வேனும் ரப்பர் சக்கரமும்: ஸ்டிக்கர் எழுத்து நீக்கும் சக்கரத்தைப் பயன்படுத்திய அனுபவம்

கோவையில் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து நான் வாங்கிய 2012ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேனின் இரு பக்கங்களிலும் 'கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு' என்ற வாசகம் சிவப்பு வினைல் எழுத்துகளில் ஒட்டப்பட்டிருந்தது. அண்மையில் ஒட்டிய ஸ்டிக்கராக இருந்தால் ஹேர் டிரையரால் சூடாக்கி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, சாய்வாக மெல்ல இழுத்தாலே முழு எழுத்தும் கையோடு வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற வினைலில் அதற்கு நெகிழ்வைத் தரும் பொருள் வெளியேறிவிடுவதால், அது அப்பளம் போல் நொறுங்குகிறதே தவிர உரிவதில்லை. குறிப்பாக, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பெரும்பாடு படுத்தின. ஒவ்வொன்றும் தனித்துண்டு என்பதால் ஒவ்வொன்றையும் புதிதாகச் சூடாக்கிச் சுரண்ட வேண்டியிருந்தது. 'கல்யாணம்' என்ற ஒரு சொல்லுக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுத்து போன இடத்தில் பசை அப்படியே நின்றது.

ஸ்டிக்கர் கடையில் விசாரித்தபோது தின்னரில் துணியை நனைத்துத் துடைக்கச் சொன்னார்கள். தொழிற்சாலையில் சூளையில் சுட்டெடுத்த பெயின்ட் தின்னரைச் சற்று நேரம் தாங்கும். பட்டறையில் பின்னர் அடித்த பெயின்ட் பல வேளைகளில் தாங்காது. கதவைத் திறந்து உட்புற விளிம்பில் சோதித்துப் பார்த்தபோது வலப்பக்கத்தில் துணி சுத்தமாக இருந்தது. இடப்பக்கத்துச் சறுக்குக் கதவிலோ வெள்ளை நிறம் துணியில் ஏறியது. அந்தக் கதவு எப்போதோ அடிபட்டு, பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி, மறுபெயின்ட் அடிக்கப்பட்டது என்பது விற்றவர் சொல்லாமலேயே தெரிந்துவிட்டது.

அதன் பிறகே டிரில் இயந்திரத்தில் பொருத்தும் ரப்பர் சக்கரத்தை இணையத்தில் ஏறத்தாழ 400 ரூபாய்க்கு வாங்கினேன். பள்ளிக்கூட அழிரப்பரை நான்கு அங்குல வட்டமாக வார்த்தது போன்ற பொருள் இது. வண்ணத்தைச் சுரண்டாமல், உராய்வின் சூட்டில் வினைலையும் பசையையும் சேர்த்து உருட்டி எடுப்பதே இதன் வேலை. 3எம் நிறுவனம் விற்கும் இவ்வகைச் சக்கரத்துக்கு நிமிடத்துக்கு 4000 சுற்று என உச்சவரம்பு உண்டு. வீட்டு டிரில் 3000 சுற்றை ஒட்டியே ஓடுவதால் அதற்குப் பொருத்தமானது. 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் இதை மாட்டினால் பெயின்ட் கருகும், சக்கரமே சிதறவும் கூடும். இம்பாக்ட் டிரில் வைத்திருப்பவர்கள் சுத்தியல் குறியிலிருந்து சாதாரணத் துளைக் குறிக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வலப்பக்கத்தில் கிடைத்த பலன், உள்ளபடியே சொன்னால், நான் எதிர்பார்க்காதது. எழுத்தின் விளிம்பில் சக்கரத்தை இலேசாக வைத்து இழுத்துக்கொண்டே சென்றால், சிவப்பு வினைல் சிறு சிறு திரிகளாக உருண்டு விழ, அடியிலிருந்த பசையும் உடன் வருகிறது. முழுப் பக்கமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அழுத்தினால் விரைவாகும் என்று நினைப்பது தவறு; சூடு ஏறி, பசை உருகி, பழுப்புக் கோடாக அப்பிக்கொள்கிறது. கருகிய ரப்பர் வாடையும், சட்டைப்பை வரை புகும் தூளும் இதோடு வருபவை என்பதால், முகக்கவசமும் கண்ணாடியும் இன்றி இதைச் செய்யக் கூடாது.

இடப்பக்கத்தில் நேர்ந்ததற்குச் சக்கரத்தைக் குறை சொல்ல மாட்டேன். மறுபெயின்ட் என்று தெரிந்திருந்தும், வலப்பக்கம் கொடுத்த துணிச்சலில் 'வளைகாப்பு' என்ற சொல்லின் மீது ஒரே இடத்தில் சில நொடிகள் நிறுத்திவிட்டேன். எட்டணா அளவுக்குப் பெயின்ட் உரிந்து, உள்ளிருந்த பட்டி தெரிந்தது. மீதியை ஹேர் டிரையராலும் பழைய பிளாஸ்டிக் அட்டையாலும் சுரண்டி, பசையின் மீது டர்பன்டைன் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் போட்டு வைத்து, ஊறிய பின் துடைத்தெடுத்தேன். மெக்கானிக்குகள் இதற்குப் பெட்ரோலை எடுப்பார்கள். தீப்பொறி தெறிக்கும் டிரில் ஓடும் இடத்தில் பெட்ரோல், டர்பன்டைன் இரண்டையுமே அண்டவிடக் கூடாது. பின்கண்ணாடிக்குச் சக்கரமே தேவையில்லை, சோப்புத் தண்ணீரும் பிளேடும் போதும். பிளாஸ்டிக் பம்பரில் சக்கரம் வைத்தால் மேற்பரப்பே இளகிவிடும்.

எந்தச் சக்கரமும் தீர்க்காத ஒன்று நிழல். எழுத்துக்கு அடியிலிருந்த வெள்ளை வெயில் படாமல் புதிதாக இருக்க, சுற்றியுள்ள பகுதி மங்கிவிட்டது. பெயின்டை மெருகேற்றும் ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து, மேலே மெழுகுப் பாலிஷ் போட்ட பிறகு நண்பகலில் எதுவும் தெரியவில்லை. காலைச் சாய்வெயிலில் மட்டும் 'காதுகுத்து' இன்னும் வாசிக்கக் கிடைக்கிறது. சென்ற வாரம்கூடப் பால் வாங்க நிறுத்திய இடத்தில் ஒருவர், நூறு இலைக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.

தொழிற்சாலைப் பெயின்ட் மாறாத இரும்புத் தகடு, நொறுங்கும் பழைய வினைல், கையில் ஒரு டிரில் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தச் சக்கரத்தைத் தயங்காமல் வாங்கலாம். மறுபெயின்ட் என்ற ஐயம் இருந்தால் அந்த 400 ரூபாயைப் பட்டறைச் செலவுக்கு எடுத்து வைக்கலாம். என் எட்டணாவுக்கு டிங்கரிங் கடையில் 1200 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.