ஆஹனில் அறை தேடுகிறீர்களா? அன்மெல்டுங் தராத அறை வேண்டவே வேண்டாம்

ஜெர்மனியின் ஆஹனில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் ஆரம்பம். ஆகஸ்ட் கடைசியிலிருந்தே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "ரூம் இருக்கு, தமிழ்ப் பசங்களுக்கு முன்னுரிமை" என்று வரத் தொடங்கிவிடும். அதில் நியாயமான ஆட்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாடகை எவ்வளவு, பல்கலைக்கழகத்துக்கு எத்தனை ஸ்டாப் என்று விசாரிப்பதற்கு முன்னால், அந்த முகவரியில் அன்மெல்டுங் செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது. நானும் கேட்டேன். "பண்ணிடலாம் தம்பி" என்றுதான் பதில் வந்தது.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்மெல்டுங் என்பது குடியிருக்கும் முகவரியை ஊரின் பதிவு அலுவலகத்தில் பதிவது. ஜெர்மனியில் குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதிந்தாக வேண்டும். அதற்கு வீடு தந்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கப் படிவம் தேவை. அந்த ஒரு தாளைத்தான் எனக்குக் கடைசிவரை தராமல் இழுத்தடித்தார்கள்.

எனக்கு அறை கொடுத்தவர் தமிழர். இங்கேயே முதுகலை முடித்து மென்பொருள் வேலையில் இருப்பவர். வீடியோ காலில் "சாப்ட்டியா தம்பி?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "நம்ம பையன்மா, நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். எழுத்தில் ஒப்பந்தம் கேட்டபோது, "நமக்குள்ள எதுக்குப்பா பேப்பரு?" என்று சிரித்தார். யாரோ ஒரு ஜெர்மன்காரர் இப்படிச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முறித்துக்கொண்டிருப்போம். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் இரண்டாம் முறை கேட்கவே நமக்கு வாய் வராது. இந்தத் தொழில் நடப்பதே அந்தக் கூச்சத்தில்தான்.

மாத வாடகை எல்லாம் சேர்த்து 420 யூரோ. டெபாசிட் அதைப் போல மூன்று மடங்கு, 1,260. சாவி வாங்கும்போதே மொத்தமும், அதுவும் ரொக்கமாக. ஆக 1,680 யூரோ. மாணவர் விசாவுக்காக முடக்கிவைக்கும் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும் என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையோடு கொண்டுவந்த பணம் முதல் நாளே காலி. ஜெர்மன் சட்டப்படி டெபாசிட்டுக்கு உச்சவரம்பு, ஹீட்டிங் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகையில் மூன்று மடங்கு. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. பணம் வாங்கியவரிடம் ரசீது கேட்டால் அவர் தந்தாக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ரசீது கிடைக்கவில்லை. "வாங்கிக்கிட்டேன் தம்பி, 1260" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு வாங்கி வைத்தேன். பிற்பாடு எனக்கு மிஞ்சிய சாட்சி அது ஒன்றுதான்.

அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படத்தில் பெரிய ஜன்னல், மஞ்சள் திரை, அகலமான மேசை. போய்ப் பார்த்தால் அது வீட்டின் ஹால். நடுவில் ஒரு துணி அலமாரியை நிறுத்தி இரண்டாகப் பிரித்திருந்தார். ஜன்னல் அந்தப் பக்கத்து ஆந்திரப் பையனுக்கு. என் பக்கம் அலமாரியின் முதுகு. அதில் இருந்த அட்டைப் பலகை ஓர் ஓரத்தில் பிய்ந்து, அவன் படுத்துக்கொண்டு போனில் பேசுவது எனக்கு வரி விடாமல் கேட்கும். ஹீட்டரை இரண்டுக்கு மேல் திருப்பக் கூடாது என்று சமையலறையில் எழுதி ஒட்டியிருந்தது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான். மாணவர் வாழ்க்கையில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பொறுக்க முடியாதது லெட்டர்பாக்ஸ். இந்த நாட்டில் கதவு எண்ணைப் பார்த்துத் தபால் போடுவதில்லை. பெட்டியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். என் பெயரை ஒரு சின்னத் தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டினேன். மாலையில் காணோம். மறுபடி ஒட்டினேன், மறுபடி காணோம். கேட்டதற்கு, "வீட்டுக்காரன் பாத்தா பிரச்சினை தம்பி. லெட்டரெல்லாம் என் பேருக்குப் போட்டு வரச்சொல்லு" என்றார். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. அவரே அங்கே வாடகைக்கு இருப்பவர். உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் எங்கள் மூன்று பேரை உள்ளே வைத்திருந்தார். அன்மெல்டுங் படிவத்தில் உரிமையாளரின் பெயரையும் எழுத வேண்டும். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் "அடுத்த வாரம்", "ஆபீஸ்ல பிரிண்டர் ரிப்பேர்" என்று நாளைக் கடத்தியிருக்கிறார்.

பதிவு இல்லாததால் என்ன ஆனது? நான் போன வங்கியில் நடப்புக் கணக்குத் திறக்கப் பதிவுச் சான்று கேட்டார்கள். கணக்கு இல்லாததால் முடக்கிய பணத்திலிருந்து மாதத் தொகை வரவில்லை. முதல் முறை பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிடக்கூடும், பிடித்தம் அதில்தான் ஆக அதிகம். இன்ஷூரன்ஸ் அட்டை தபாலில் கிளம்பி, பெட்டியில் பெயர் இல்லாமல் திரும்பிப் போனது. விசா காலம் ஒரு பக்கம் கரைந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் பதிந்திருக்கிறோமோ அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில்தான் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். எந்த ஊரிலும் பதியாதவன் எங்கே போவது? ஆஹனிலிருந்து பஸ் ஏறினால் நெதர்லாந்து, கொஞ்சம் தள்ளிப் போனால் பெல்ஜியம். கூடப் படித்தவர்கள் வாரக் கடைசியில் மாஸ்ட்ரிக்ட், லியேஜ் என்று சுற்றிக்கொண்டிருந்தபோது நான் எல்லைப் பக்கமே போகவில்லை. காகிதம் சரியில்லாத பயம் அப்படி.

இந்த நிலைமையில் அவர் இன்னொரு வழி சொன்னார். "முந்நூறு யூரோ குடு, ஃப்ரெண்ட் ஒருத்தன் அட்ரஸ் தருவான், அங்க பதிஞ்சுக்கோ." நெருக்கடியில் இருக்கும் பையன் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வான். ஆந்திரப் பையன் சொன்னான், பணமும் கொடுத்தான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குடியில்லாத முகவரியைப் பதிவுக்குத் தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டம் இருக்கிறது. பதிந்தவருக்கும் தனியாக அபராதம் உண்டு. அந்த நண்பர் ஒருநாள் கோபித்துக்கொண்டால் உங்கள் வரி எண்ணும் குடியிருப்பு அட்டைக் கடிதமும் அவர் பெட்டியில்தான் கிடக்கும்.

வானொலிக் கட்டணத்திலும் ஒரு கைவரிசை. டிவி இருக்கிறதோ இல்லையோ ஜெர்மனியில் இது கட்டாயம், மாதம் 18.36 யூரோ. ஆனால் அது வீட்டுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று இல்லை. இவர் எங்கள் மூவரிடமும் தனித்தனியாக 18.36 வாங்கிக்கொண்டிருந்தார். தொகை சிறியதுதான். இருந்தாலும் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். பிற்பாடு டெபாசிட் 1,260-ஐ ஆசைப்பட்டு அமுக்கப் பார்த்தார் என்றாவது சொல்லலாம். சாப்ட்டியா தம்பி என்று கேட்டுக்கொண்டே மாதாமாதம் பதினெட்டு யூரோ அடிப்பதை என்னவென்று சொல்வது?

முடிச்சு அவிழ்ந்தது பல்கலைக்கழக மாணவர் பேரவையில். ஆஸ்டா என்பார்கள். செமஸ்டர் கட்டணத்தோடு அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம், ஆனால் நம்மவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. அங்கே மாணவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. அங்கிருந்த வழக்கறிஞர் அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பதிவுச் சட்டத்தின் 19-வது பிரிவை எடுத்துக் காட்டினார். வீடு தந்தவர் படிவம் தர மறுத்தால், அதை உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது வாடகைதாரரின் கடமை. உள்வாடகை என்றால், வீடு தந்தவர் என்ற இடத்தில் இருப்பவர் உள்வாடகைக்கு விட்டவர்தான். அவர் கையெழுத்தே போதும். தராமல் இருந்தால் அவருக்கு 1,000 யூரோ வரை அபராதம் வரலாம்.

பதிவு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன். கவுன்டரில் இருந்தவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் முகவரியையும் அவர் பெயரையும் எழுதிக்கொண்டார், கடிதம் போடுவோம் என்றார். நான் வந்து சொன்ன தகவலை ஒரு தாளில் அச்சடித்துக் கையிலும் கொடுத்தார். அந்தத் தாளை அண்ணனிடம் காட்டினேன். பிரிண்டர் அன்றைக்கே சரியாகிவிட்டது. கையெழுத்துப் போட்டு நீட்டியவர், "இவ்ளோ பண்ணிட்டல்ல, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு" என்றார். அப்புறம் அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்.

வாட்ஸ்அப்பில் காலி செய்யச் சொன்னால் அது செல்லாது. தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒப்பந்தம் எழுதவில்லை என்பதால் உங்களுக்கு உரிமையே இல்லை என்று மிரட்டினாலும் நம்பாதீர்கள், வாய்மொழி வாடகை ஒப்பந்தமும் இங்கே ஒப்பந்தம்தான். ஆனால் ஒரு விஷயம் நமக்குப் பாதகம்: வீட்டைத் தந்தவரே குடியிருக்கும் வீட்டில், அவர் சாமான்களோடு ஓர் அறையை எடுத்திருந்தால், வழக்கமான மூன்று மாத நோட்டீஸ் கிடையாது. மாதம் 15-ம் தேதிக்குள் எழுத்தில் கொடுத்தால் அந்த மாதக் கடைசியில் போக வேண்டியதுதான். எனக்கு அதற்குள் மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நகர்ந்து இடம் கிடைத்துவிட்டது. நானே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறினேன். கிளம்பும் முன் அறையின் நாலு சுவர், மெத்தை, அந்தப் பிய்ந்த அலமாரி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். ஆந்திரப் பையன் வேடிக்கை பார்த்துவிட்டு, தன் பக்கத்தையும் எடுத்துத் தரச் சொன்னான்.

டெபாசிட் கேட்டபோது வந்தது ஒரு பட்டியல். பெயின்ட் 250, சுத்தம் செய்ய 150, மெத்தை 100, ஹீட்டிங் பாக்கி 400, "இதர செலவு" 360. கூட்டிப் பாருங்கள், சரியாக 1,260. ஒன்றுக்கும் பில் இல்லை. சாதாரணமாகப் புழங்கியதால் ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்று சட்டமே சொல்கிறது. ஹீட்டிங் கணக்கு என்றால் ஆண்டுக் கணக்கைக் காட்ட வேண்டும். வீட்டைப் பார்த்துக் கணக்கு முடிக்க அவருக்குச் சில மாதம் அவகாசம் உண்டு என்பதும் உண்மை, அதனால் முதல் வாரமே சண்டைக்குப் போக முடியாது.

அவகாசம் தாண்டியதும், ஆஸ்டா வழக்கறிஞர் திருத்திக் கொடுத்த கடிதத்தைக் கெடு தேதி போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. அதன்பின் நீதிமன்றம் வழியாகப் பணம் கேட்டு மான்பெஷைட் எனப்படும் அறிவிப்புக்கு விண்ணப்பித்தேன். இணையத்திலேயே படிவத்தை நிரப்பலாம், வழக்கறிஞர் தேவையில்லை, என் தொகைக்குக் கட்டணம் நாற்பது யூரோ அளவில் வந்தது. அறிவிப்பு கையில் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இவர் தெரிவிக்கவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் 900 யூரோ கணக்கில் விழுந்தது. மீதி 360-க்கும் விடுவதாக இல்லை, அடுத்த கட்டத்துக்கான தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது. நடுவில் அவரிடமிருந்து வந்த ஒரே செய்தி: "நம்ம ஆளுக்கே கோர்ட்டா தம்பி?"

போன வாரம் அதே அறை மறுபடி குழுவில் வந்திருக்கிறது. மஞ்சள் திரை, பெரிய ஜன்னல், ஆஹன் வெஸ்ட் ஸ்டேஷன் பக்கம், வாடகை இப்போது 450. சாவி வாங்கும் அன்றே படிவத்தில் கையெழுத்து வேண்டும், டெபாசிட்டை வங்கி வழியாகத் தவணையில்தான் தருவேன் என்று எழுதிக் கேளுங்கள். கூடவே லெட்டர்பாக்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள், பெட்டியில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்.