ரிம் மாற்றினால் சென்சாரை என்ன செய்வது?

அலாய் வீல் மாற்றப் போன இடத்தில், பழைய டயரை மிஷினில் வைத்து அமுக்கியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். “ஏனுங்ணா, உள்ளார என்னமோ இருந்துச்சுங்களா?” என்றார் பொள்ளாச்சி பஞ்சர் கடைத் தம்பி. இருந்தது. டயரில் காற்று குறைந்தால் சொல்லும் காற்றழுத்த சென்சார். வால்வுக்கு அடியில் ரிம்மோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அமுக்குகிற பிளேடு வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் அதோடு சரி. முன்கூட்டியே சொல்லாமல் டீ குடிக்கப் போனது என் தப்பு.

இந்தத் தொல்லை எல்லாக் காருக்கும் கிடையாது. சில கார்களில் சக்கரத்துக்குள் எதுவுமே இருக்காது. காற்று இறங்கிய டயர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அதை பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடித்து டாஷ்போர்டில் விளக்கைப் போடும். அந்த மாதிரிக் காரில் புது ரிம் மாட்டி, காற்றைச் சரியாக வைத்து, ரீசெட் செய்தால் போதும். ஆனால் நான்கு டயரிலும் ஒரே அளவாகக் காற்று குறைந்தால் அது ஏமாந்து போக வாய்ப்பு உண்டு.

உள்ளே சென்சார் இருக்கிற காருக்குத்தான் யோசனை. பழையதையே புது ரிம்முக்கு மாற்றுவது செலவில்லாத வழி. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் உண்டு, காருக்கு அது ஏற்கெனவே பழக்கம். சிக்கல் பேட்டரியில். பெரும்பாலானவற்றில் அதை சீல் செய்திருப்பார்கள், கழற்றி மாற்ற முடியாது. பொதுவாக 5 முதல் 10 வருடம் வரும். என் கார் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. இன்றைக்கு மிச்சம் பிடித்துவிட்டு, அடுத்த வருடம் புது டயரை மறுபடி கழற்றுவதா? மூன்று வருடத்துக்குள் வாங்கிய கார் என்றால் தாராளமாக மாற்றலாம், வால்வு வாஷரை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

நான் நான்கையும் புதிதாகவே வாங்கினேன். வாங்கும்போது அலைவரிசை முக்கியம். இங்கே பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கக் கார்களுக்கான 315 சென்சாரை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கினால் கார் அதைக் கண்டுகொள்ளாது. அப்புறம், புது சென்சாரின் தனி எண்ணைக் காருக்குப் பழக்க வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினாலே தானாகப் பிடித்துக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் நகல் எடுக்கிற கருவியும் உண்டு. தோப்புக்கு ஒரு செட் சக்கரம், ரோட்டுக்கு ஒரு செட் என்று இரண்டு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

மூன்றாவது, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார். எதுவுமே இல்லாத பழைய காருக்கு நல்லதுதான், ஐந்து நிமிட வேலை. ஆனால் அது வால்வு ஊசியை எந்நேரமும் அமுக்கியபடியே இருக்கும். வாஷர் சரியில்லை என்றால் காற்று அது வழியாகவே கசியும், காவல்காரனே திருடின கதை. பங்க்கில் காற்றுப் பிடிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்டவும் வேண்டும்.

எதை மாட்டினாலும் ஊட்டிக்குப் போகும்போது ஒரு வேடிக்கை. மேட்டுப்பாளையத்தைவிட அங்கே 15 டிகிரி குளிர் என்றால் டயருக்குள் அழுத்தம் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சுமார் 3 பிஎஸ்ஐ குறைவு. அதனால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிற, கையில் வைத்துப் பார்க்கும் கேஜ் குறைத்துக் காட்டாது. உயரத்தைக் கணக்கில் எடுக்காத சென்சார் மட்டும் குறைத்துக் காட்டும். அங்கே அவசரப்பட்டு ஏற்றினால், கீழே வந்த பிறகு டயர் ஆறினதும் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

விளக்கு விடாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் பெரும்பாலும் சென்சார் கோளாறு. சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டினாலும் இப்படித்தான் மினுக்கும், பயப்பட வேண்டாம்.

50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிக்கொள்ள அதே கடைக்குப் போனேன். வேறொரு காரின் டயரை மிஷினில் ஏற்றிக்கொண்டிருந்த தம்பி, என்னைப் பார்த்ததும் சாக்பீஸை எடுத்து வால்வுக்கு நேரே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.