குழாய்வழி எரிவாயு: கசிவுச் சோதனைச் சேவை எப்படி?

சென்னையில் எங்கள் குடியிருப்புக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு வழங்கும் நிறுவனத்தின் கசிவுச் சோதனைச் சேவை, சில குறைகள் இருந்தாலும், நம்பத்தக்கதாகவே இருக்கிறது. கசிவை உணர்த்துவதற்காக எரிவாயுவில் கலக்கப்படும் மெர்காப்டானின் நெடி இலேசாக வந்ததும் தகவல் தெரிவித்தோம். வந்த பணியாளர் மீட்டரையொட்டிய இணைப்பில் சோப்பு நுரையைத் தடவியதும் சிறு குமிழிகள் வரிசையாக எழும்பின. இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேன் காற்றைவிட இலேசானது என்பதால், சிலிண்டர் வாயுவுக்குச் செய்வதுபோல் தரையோரம் தேடாமல், கசிவு கண்டறியும் கருவியைக் கூரையோரம் உயர்த்திப் பார்த்ததில் அவருடைய தேர்ச்சி தெரிந்தது. வாஷரை மாற்றி இறுக்கியபின், அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பொறுமையாகக் கவனித்துவிட்டுத்தான் புறப்பட்டார். தெருவில் புதைத்த பாலிஎத்திலீன் குழாய்களை எப்போது சோதிக்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. கசியும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாக வெப்பமூட்டக்கூடியது என்பதால், அந்த அட்டவணையை அறிவிப்புப் பலகையிலாவது ஒட்டலாம்.