வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு விவிலிய வகுப்பு: ஆறு சனிக்கிழமைகளின் கணக்கு

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வயது 24. பி.காம். முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே பட்டறையில் அப்பா 27 ஆண்டுகளாக வண்ணம் ஊற்றுகிறார். என்னைப் பற்றி முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. காரைக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் நடந்த இந்த வகுப்பு, வேலை செய்யும் பிள்ளைகளுக்கென்று அறிவிக்கப்பட்டது. அது எங்களுக்குப் பயன்பட்டதா என்பதை எங்கள் வேலையோடு சேர்த்துத்தான் நான் அளக்க முடியும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தொடங்கி ஆறு சனிக்கிழமைகள். ஈஸ்டருக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை மட்டும் விடுமுறை. மாலை ஐந்தரை முதல் எட்டு வரை. கட்டணம் 250 ரூபாய். அதில் ஒரு நோட்டும் ஆறு நாள் தேநீரும் பலகாரமும் அடக்கம். 18 வயதிலிருந்து 28 வரை உள்ள 22 பேர் வந்திருந்தோம். கடைப் பையன்கள், இரண்டு செவிலியர், ஒரு வெல்டர், தையல் வேலை செய்யும் மூன்று பெண்கள், என்னைப் போல் தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். எல்லோரும் அவரை ஐயா என்றே கூப்பிட்டோம். பங்குத்தந்தை முதல் நாளும் கடைசி நாளும் வந்தார். நடுவில் தலையிடவில்லை, அது நல்லதாகவே முடிந்தது.

முதல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை. நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம், எறும்பைப் பார்த்துப் பாடம் படிக்கச் சொல்லும் பகுதி. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் காலை ஏழு மணிக்கு வேலையில் இறங்கி, வாரக் கூலியை வாங்கிக்கொண்டு, முகம் மட்டும் கழுவிவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் ஒன்றரை மணி நேரம் சோம்பலைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? வெல்டர் அண்ணன் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அடுத்த வாரம் வர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

கட்டிய பணம் வீணாகக் கூடாது என்றே இரண்டாம் வாரம் போனேன். இந்த வகுப்பைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அந்த மாலைக்காகத்தான்.

ஐயா ஒரு பழைய உளியை மேசைமேல் வைத்தார். அவருடைய அப்பாவுடையது, பிடி தேய்ந்து கட்டைவிரல் பதியும் இடம் குழியாகிவிட்டது. விவிலியத்தின் இரண்டாம் நூலான விடுதலைப் பயணம் 31-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரம் அமைக்க வேண்டும். அதற்காகக் கடவுள் பெசலேல் என்பவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தம் ஆவியால் நிரப்புகிறார். எதற்காக? பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கு, கல் பதிக்க, மரம் செதுக்க. அங்கே பெசலேலுக்குக் கொடுக்கப்படுவதைச் சொல்லும் எபிரேயச் சொல் ஹோக்மா. நீதிமொழிகள் முழுக்க ஞானம் என்று நாம் வாசிப்பதும் அதே ஹோக்மாதான். சாலமோன் அரசர் கடவுளிடம் கேட்டுப் பெற்றதற்கும் ஒரு கைவினைஞன் விரலில் இருப்பதற்கும் அந்த மொழியில் ஒரே பெயர்.

மறைக்கல்வி வகுப்பில் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஞானம் என்றால் வயதானவர்களிடம் இருப்பது, நிறையப் படித்தவர்களிடம் இருப்பது என்றே நினைத்திருந்தேன். யாரும் என்னிடம் இந்தச் சொல்லைக் காட்டியதில்லை.

பிறகு ஐயா ஒரு வேலை கொடுத்தார். ‘உங்கள் கைக்குத் தெரிந்து வாய்க்குச் சொல்லத் தெரியாத ஒன்றை எழுதுங்கள்.’ அறை அமைதியாகிவிட்டது. ஊசியேற்ற நரம்பு பிடிக்கும்போது விரல் நுனி உணர்வதை ஒரு செவிலியர் எழுதினார். தையல்காரப் பெண் பட்டுத்துணி வழுக்கும் வேகத்தை எழுதினாள். எனக்கு எழுத ஒன்றும் இல்லை. நான் அப்பாவின் கையை எழுதினேன்.

பூக்கல் செய்வதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அடியில் கண்ணாடி. அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமென்ட் கலந்த வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்கக் கூடாது. மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, ஈரச் சாந்து போட்டு மட்டம் செய்ய வேண்டும். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள்கள் ஊறும். சூளை கிடையாது. கல்லின் முகம் அத்தனை நாளும் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்தே இருக்கிறது. கண்ணாடி கழன்று வரும்போதுதான் செய்தவனே தன் வேலையின் முகத்தைப் பார்க்கிறான். கலவையில் தண்ணீர் ஒரு பங்கு கூடியிருந்தாலும் அன்றுதான் தெரியும்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், கலவைப் பதம் எப்படித் தெரியும் என்று. ‘கைக்குத் தெரியும்மா. கேட்டால் சொல்ல வராது’ என்றார். நான் பெசலேலைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, ‘பெயர் சொல்லியா கூப்பிட்டார்?’ என்று கேட்டார். விவிலியத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தாமே வாசித்தார்.

மூன்றாம் வாரம் வியாபாரம். கள்ளத் தராசைப் பற்றிய நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் எல்லோருக்கும் தெரியும். ஐயா அதை விரைவாகக் கடந்து 20-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்துக்குப் போனார். வாங்குகிறவன் ‘மோசம், மோசம்’ என்று குறை சொல்லி விலையைக் குறைக்கிறான். வாங்கிக்கொண்டு போனதும் பெருமையடிக்கிறான். பழம்பொருள் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் திடீரென்று பேச ஆரம்பித்தான். பழைய வீட்டைப் பிரிக்கும்போது தேக்குக் கதவையும் மரத்தூணையும் பார்க்கப் போனால், முதலில் கரையான் என்று சொல்ல வேண்டும் என்பதே அவன் கற்ற முதல் பாடமாம். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சியிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்றான். அவனுக்கு ஐயா உடனே தீர்ப்பு சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ‘பேரம் பாவம் இல்லை. கரையான் இல்லாத இடத்தில் கரையான் என்பது பொய். இரண்டுக்கும் நடுவில் நீ எங்கே நிற்கப் போகிறாய் என்பதை உன் வாய் தினமும் முடிவு செய்யும்’ என்றார். அதோடு தேநீருக்கு எழுந்துவிட்டோம்.

பலகாரத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். பங்குப் பெண்கள் முறை வைத்துச் செய்து அனுப்பினார்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்த நாளில் யாரும் தூங்கவில்லை.

நான்காம் வாரம் சீராக்கின் ஞானம் 38. சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் எங்களோடு இருந்தார்கள். கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் விவிலியத்தில் அந்த நூலே இல்லை. கத்தோலிக்கத் திருமுறையில் இது உண்டு, சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டன்ட் சபைகளின் வேதாகமத்தில் பொதுவாக இடம்பெறாது என்று ஐயா விளக்கி, தம் பிரதியை அவர்களிடம் கொடுத்தார். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன் எபிரேயத்தில் எழுதப்பட்டு, ஆசிரியரின் பேரனால் கிரேக்கத்துக்குப் போன நூல் அது. அதன் ஆசிரியர் உழவன், முத்திரை வெட்டுபவன், உலைக்களத்துக் கொல்லன், சக்கரத்தைக் காலால் சுழற்றும் குயவன் என்று ஒவ்வொருவரையும் பட்டறைக்குள் நின்று பார்த்தவர் போல வருணிக்கிறார். இவர்கள் இல்லாமல் எந்த நகரும் குடியிருப்பாகாது என்கிறார். இவர்களின் மன்றாட்டு இவர்கள் செய்யும் தொழிலிலேயே இருக்கிறது என்ற கருத்தோடு முடிக்கிறார்.

ஆனால் அதே பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கைவினைஞர்களை மக்கள் மன்றத்துக்கு யாரும் அழைப்பதில்லை, நீதிபதியின் இருக்கையில் அவர்கள் அமர்வதில்லை, மறைநூல் அறிஞருக்கு ஓய்வு இருப்பதால் அவருக்கு ஞானம் வாய்க்கிறது என்றும் சொல்கிறது. பெரும்பாலான மறையுரைகளில் இனிப்பான வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஐயா இரண்டையும் வாசிக்க வைத்தார். ‘இது இருந்த நிலைமையைச் சொல்கிறதா, இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறதா?’ என்று கேட்டுவிட்டு எங்களையே பேச விட்டார். வெல்டர் அண்ணன் முதன்முறையாக வாய் திறந்து, தச்சர் என்று நாசரேத்தூரார் இயேசுவை இளக்காரமாகக் கேட்ட மாற்கு ஆறாம் அதிகாரத்தை எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்று எனக்குத் தெரியாது. ஏழரைக்கு எங்கள் ஊர்ப் பஸ்.

இது இந்த வகுப்பின் பெரிய குறை. நல்ல பேச்செல்லாம் ஏழரைக்குமேல்தான் சூடு பிடித்தது. கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் ஏழு பேரும் ஒவ்வொரு வாரமும் அதைத் தவறவிட்டோம். அரை மணி முன்பாகத் தொடங்கலாம், அல்லது ஞாயிறு திருப்பலிக்குப் பின் வைக்கலாம். கேட்டோம், யோசிப்பதாகச் சொன்னார்கள், நேரம் மாறவில்லை.

ஐந்தாம் வாரம் அறைக்குள் நடக்கவில்லை. பக்கத்து ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் காவல்காரரிடம் அனுமதி வாங்கி, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தோம். பர்மாத் தேக்குத் தூண்கள், சுண்ணாம்புப் பூச்சில் இன்னும் குறையாத மினுக்கு, உள்ளே வளவு என்னும் முற்றத்தில் புறாக்கள். வட்டித் தொழிலில் பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணம் இங்கே வீடாக வந்து நின்றது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து ஓடிவந்தவர்கள் ஏராளம். சபை உரையாளர் இரண்டாம் அதிகாரத்தை அங்கே வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்தோம். வீடுகள் கட்டினேன், தோட்டங்கள் அமைத்தேன், எல்லாவற்றையும் எனக்குப்பின் வருபவனிடம் விட்டுப்போக வேண்டும், அவன் ஞானியோ மூடனோ யாருக்குத் தெரியும் என்று அந்த உரையாளர் சலித்துக்கொள்கிறார். அந்தத் திண்ணையில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஐயாவும் விளக்கவில்லை. அந்த வீட்டைச் சொந்தம் கொண்டாடுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வருகிறார்கள் என்றும், வரும்போது பிள்ளைகளை அழைத்து வந்து ஒவ்வொரு அறையையும் காட்டுவார்கள் என்றும் காவல்காரர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊர்க் கல். ஊற்றியவர் யார் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. மிதிபட மிதிபடப் பளபளப்பு ஏறும் கல் அது. யாரும் நடக்காததால் ஓரங்கள் மங்கிக் கிடந்தன.

ஆறாம் வாரம் கூலி. யாக்கோபு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் நான்காம் வசனம், அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பது. நான் கையைத் தூக்கினேன். எங்கள் பட்டறையில் கல்லைத் தொட்டியில் இறக்கி, எடுத்து, துடைத்து அடுக்கும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி. அந்தக் கூலி ஏட்டை எழுதுவது என் கை. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். முதலாளிகளின் மனம் மாறச் செபிப்போம் என்று ஐயா சொன்னார். இரண்டாம் வாரம் உளியை மேசையில் வைத்த மனிதரிடமிருந்து இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. திருச்சபைக்குச் சொல்ல ஒன்றுமில்லாத விஷயமா இது? 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடலே நியாயமான கூலியைப் பற்றியும் தொழிலாளர் சங்கங்களைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. அதில் ஒரு பக்கம் படித்திருந்தால்கூட எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்திருக்கும்.

மே 1-ஆம் தேதி தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தியது. அன்று மாலைத் திருப்பலியில் அவரவர் கருவியைப் பீடத்தருகே வைக்கச் சொன்னார்கள். கத்தரிக்கோல், வெல்டிங் முகமூடி, மருத்துவமனை அடையாள அட்டை. அப்பா தம் கரண்டியைத் தேய்த்துக் கழுவித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் கூலி ஏட்டை வைத்தேன். திருப்பலி முடிந்ததும் ஐயா என்னிடம் வந்தார். ‘அன்றைக்கு நான் சொன்னது போதாதும்மா. அடுத்த வகுப்பில் கூலிக்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்குகிறேன், நீ வந்து பேசு’ என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் பட்டறையில் கேட்டுவிட்டும் வர வேண்டும். சித்தி முறையான ஒருவரும் அந்தக் குறைந்த கூலியில் இருக்கிறார்.

வங்கித் தேர்வை நான் விட்டுவிடவில்லை. ஆனால் தேர்வில் தோற்ற ஒவ்வொரு முறையும் பட்டறைக்கே திரும்பி வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

அடுத்த வகுப்பு ஆகஸ்டில். போகிறவர்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும், முன்பணம் தேவையில்லை. பழைய ஏற்பாடு முழுதும் உள்ள விவிலியத்தைக் கொண்டு போங்கள், சீராக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தோடு நின்றுவிடாதீர்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டேன். பஸ் காசு நான் தருவதாகப் பேச்சு.