கருத்துரு வரைபடமா, விரிவான வரைபடமா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், தம் நிலத்தைத் திட்டமிட்ட வளர்ச்சி மண்டலமாக (அந்த நிலத்துக்கென்றே நகரம் தனிக் கட்டட, பயன்பாட்டு விதிகள் வகுக்கும் பகுதியாக) மாற்றக் கோருபவர், பல நகரங்களில் கருத்துரு வரைபடத்தை மட்டும் முதலில் தரலாம். விரும்பினால் விரிவான வரைபடத்தையே உடன் இணைக்கலாம். முன்னதற்குச் செலவு குறைவு. எங்கே வீடுகள், எங்கே கடைகள், சாலை எந்தப் பக்கம் திறக்கும் என்பதோடு அது நின்றுவிடும். பின்னதோ, சுவர் எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கும், மழைநீர் எங்கே வடியும், குப்பைத் தொட்டி எந்த மூலையில் இருக்கும் என்பதுவரை காட்டும்.

மாநிலச் சட்டப்படி, மாற்றம் கோரும் நிலத்திலிருந்து 200 அடிக்குள் நிலம் வைத்திருப்போருக்கு, நகரின் நிலப் பயன்பாட்டு மாற்றங்களை ஆராயும் மண்டலக் குழுவின் விசாரணைக்கு முந்தைய 10ஆம் நாளுக்கு முன்பே எழுத்துமூலம் அறிவிப்பு செல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி வரும் பக்கத்து வீட்டுக்காரர், ஏக்கருக்கு எத்தனை வீடு என்பதைவிட, தம் சமையலறைச் சன்னலுக்கு எதிரே என்ன எழும் என்பதையே கேட்பார். அவருக்கு அந்தப் பதில் கிடைப்பதே நியாயம், அது விரிவான வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆகவே வீடுகளை ஒட்டிய சிறு மனைக்கு, செலவு கூடினாலும், அதையே பரிந்துரைப்பேன். பல ஆண்டுகளில் கட்டம் கட்டமாக வளரும் பெருநிலத்துக்குக் கருத்துருவே பொருந்தும்; ஏனெனில் ஒப்புதல் பெற்ற வரைபடம் அந்த மண்டலத்துக்கான நகரச் சட்டத்தோடு பிணைந்துவிட்டால், பிறகு செய்யும் பெரிய மாற்றத்துக்கு மீண்டும் பொது விசாரணை தேவைப்படலாம்.