சிதைவை எண்ணுவதா, அணுவை எண்ணுவதா?
உலோகத்தில் ஒளிந்திருக்கும் கதிரியக்க மாசை அளக்க இரு வழிகள் உண்டு: சிதைவுகளை எண்ணுவது, அணுக்களையே எண்ணுவது. ஒரு கிலோ செம்பில் ஒரு மைக்ரோகிராம் யுரேனியம்-238 இருந்தால், நாளொன்றுக்குச் சுமார் 1,070 அணுக்களே சிதையும். ஆனால் அதில் இருப்பவை ஏறத்தாழ 25 கோடி கோடி அணுக்கள். அணுக்களை அயனிகளாக்கி நிறைப்படி பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் நிறைமானியின் பலம் இங்கேதான்: ஒரு கிராமுக்கும் குறைவான மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அணுக்களையே நேரடியாக எண்ணிவிடலாம். சில நிமிடங்களில் அளவு கைக்கு வரும்.

தொல்லை அமிலத்திலும் குப்பியிலும் இருக்கிறது. கண்ணாடியிலிருந்தே யுரேனியம் கசியும். அதனால் அமிலத்தில் ஊறவைத்த பிஎஃப்ஏ என்ற ஃப்ளோரின் நெகிழிக் குப்பிகள் வேண்டும். மாதிரி இல்லாத வெற்றுக் கரைசலையும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். இதைத் தவிர்த்த எண்ணை நம்பவே கூடாது.

சிதைவின்போது வெளிவரும் காமா கதிர்களை எண்ணும் ஜெர்மானியம் காமா அளவி மெதுவானது. கிலோக்கணக்கில் மாதிரி, வாரக்கணக்கில் காத்திருப்பு, ஈயக் கவசம், காற்றிலுள்ள கதிரியக்க வாயுவான ரேடானை விரட்ட நைட்ரஜன். மாதிரி மட்டும் சேதமாகாது.

இருந்தும் இதை ஒதுக்க முடியாது. உலோகத்தைச் சுத்திகரிக்கும்போது யுரேனியம் நீங்கி, அதன் சிதைவில் பிறந்த ரேடியம்-226 தங்கிவிடலாம். யுரேனியத்தை மட்டும் தேடும் நிறைமானி 'சுத்தம்' என்று சொல்லும். ரேடியத்தின் சிதைவு வரிசையில் பிறக்கும் பிஸ்மத்-214 உமிழும் 609 கேஇவி (ஆற்றல் அலகு) காமா கோடோ உண்மையைக் காட்டிவிடும். கோபால்ட்-60 போன்ற குறுகிய ஆயுள் அணுக்களுக்கும் காமா அளவியே சரி.