2011 போர்ட் ஒயின்: நான்கு பாட்டில்களும் மறுநாள் மாலையும்

2024 அக்டோபரில் நானும் மனைவியும் போர்ச்சுகலில் நான்கு நாள் இருந்தோம். டோரோ ஆற்றுக்கு வடகரையில் போர்ட்டோ நகரம், தென்கரையில் வில நோவ டி கயா. போர்ட் என்ற, சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினின் பெரிய கிடங்குகள் எல்லாம் தென்கரையில்தான். அங்கே ஒரு சின்னக் கடையில் 2011ஆம் ஆண்டு விண்டேஜ் போர்ட்டுகளை மட்டும் வரிசையாக வைத்துச் சுவைக்கக் கொடுத்தார்கள். டௌஸ், டெய்லர்ஸ், ஃபொன்சேகா, கிரஹாம்ஸ் என்று நான்கு நிறுவனங்களுடையவை. ஐந்தாவதாகவும் ஒன்று இருந்தது. திறந்த உடனே நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தது. கார்க் கெட்டால் இப்படித்தான் ஆகும், ஒயின் மீது குற்றமில்லை. அதன் பெயரை விட்டுவிடுகிறேன்.

கடைசியில் நான் வாங்கியது டௌஸ். முதல் நாள் அதை நான்காவது இடத்தில்தான் வைத்திருந்தேன். என் மனம் எப்படி மாறியது என்பதைத்தான் எழுத வந்தேன்.

2011 ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டேஜ் போர்ட் எல்லா ஆண்டும் வருவதில்லை. விளைச்சல் மிக நன்றாக அமைந்த ஆண்டை மட்டுமே நிறுவனங்கள் விண்டேஜ் என்று அறிவிக்கும். பத்து ஆண்டில் மூன்று தேறினால் அதிகம். 2011இல் வறண்ட கோடை, அறுவடைக்குச் சற்று முன்னால் அளவான மழை. முக்கியமான நிறுவனங்கள் அனைத்தும் அறிவித்தன. மரப்பீப்பாயில் இரண்டு ஆண்டு வைத்து 2013இல் பாட்டிலில் அடைத்தார்கள். அதற்கு மேல் முதிர்வதெல்லாம் பாட்டிலுக்குள்தான்.

நான்குக்கும் பொதுவான விஷயங்களில் அதிகம் நிற்கத் தேவையில்லை. எல்லாமே சுமார் 20 சதவீத ஆல்கஹால், எல்லாமே மை போலக் கறுப்பு, எல்லாவற்றிலும் அடியில் வண்டல். ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மெல்லச் சாய்த்துக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்ற வேண்டும். அந்தக் கடைக்காரர் பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு ஊற்றினார். வண்டலின் முதல் இழை கழுத்துக்கு வந்ததும் கையை நிறுத்திவிட்டார். ஒரு சொட்டு கூடக் கலங்கவில்லை.

முதல் நாள் ஃபொன்சேகாவைக் குடித்ததும் வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது. பழுத்து வெடித்த நாவல்பழத்தை வாய் நிறையப் போட்டுக்கொண்டது போல. கிரஹாம்ஸ் நான்கிலும் அதிகத் தித்திப்பு, உருண்டையாகத் தொண்டையில் இறங்கியது. விருந்துக்கு வந்த யாரிடம் கொடுத்தாலும் பிடிக்கும். டெய்லர்ஸ் அதிகம் பேசாத ஆள் மாதிரி. பூ வாசம் வருகிறது, கிட்டப் போனால் விலகிக்கொள்கிறது. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு வைத்திருக்கக்கூடியவர்கள் அதைத்தான் வாங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

டௌஸ் முதல் நாள் கரடுமுரடாக இருந்தது. கொடுக்காப்புளி தின்றால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. தித்திப்பும் மற்றதைவிடக் குறைவு. இதில் ஆச்சரியமில்லை. போர்ட் தயாரிக்கும்போது திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும் பாதியிலேயே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்துவார்கள். மீதமிருக்கும் சர்க்கரைதான் இனிப்பு. டௌஸ்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக நொதிக்க விட்ட பிறகே சாராயத்தைச் சேர்ப்பார்கள். அந்த நிறுவனத்தின் வழக்கமே அது. டௌஸும் கிரஹாம்ஸும் சிமிங்டன் என்ற ஒரே குடும்பத்தின் கையில்தான் இருக்கின்றன. இருந்தும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் மேசையிலேயே அதிகம்.

அப்புறம் எனக்கு முக்கியமாகப்பட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் குடிப்பது நாங்கள் இரண்டு பேர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை, 75 மில்லி. 750 மில்லி பாட்டில் இந்தக் கணக்கில் ஐந்து இரவு வரும். டானி என்ற இன்னொரு வகைப் போர்ட் என்றால் கவலையில்லை, அது மரப்பீப்பாயில் பல ஆண்டு காற்றோடு பழகியது, திறந்த பிறகும் சில வாரம் தாங்கும். விண்டேஜ் அப்படியில்லை. ஆண்டுக்கணக்கில் காற்றே படாமல் கிடந்தது, திறந்ததும் அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சுவைப்புக் கூட்டங்களில் தரும் மதிப்பெண்களெல்லாம் பெரும்பாலும் முதல் கோப்பைக்குத்தான். நான் காசு கொடுப்பது முதல் கோப்பைக்கு மட்டும் இல்லையே.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் குடுவைகளை மூடி உள்ளே வைத்துவிட்டு, "நாளை மாலை வாருங்கள்" என்றார். போனோம். இடையில் 26 மணி நேரம் ஆகியிருந்தது.

ஃபொன்சேகா அப்போதும் அழகுதான். ஆனால் முதல் நாள் வாயை நிறைத்த பழம் பின்னால் நகர்ந்து, இனிப்பு முன்னால் வந்திருந்தது. கிரஹாம்ஸில் பெரிய மாற்றமில்லை, மூக்கில் மட்டும் சற்று அடங்கியிருந்தது. டெய்லர்ஸ் கதவைத் திறந்திருந்தது. முதல் நாள் விலகிப் போன பூ வாசம் கோப்பையைச் சுற்றி நின்றது. டௌஸைக் கொடுத்ததும் மனைவி இரண்டு முறை உறிஞ்சிவிட்டு, "நேத்து குடிச்சதா இது?" என்றாள். துவர்ப்பு போகவில்லை, உட்கார்ந்துவிட்டது. அதற்கு அடியிலிருந்து கருப்பட்டியும் உலர்ந்த அத்திப்பழமும் கொஞ்சம் மிளகு வாசமும் எழுந்து வந்தன. விழுங்கி அரை நிமிடம் கழித்தும் ருசி நின்றது.

அந்தத் துவர்ப்புதான் காற்றிலிருந்து அதைக் காத்தது என்பது என் ஊகம். டெய்லர்ஸும் துவர்ப்பான ஒயின்தான், அதுவும் மறுநாள் மேம்பட்டது என்பதால் அப்படி நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாட்டில்தான் பார்த்தேன். ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு பாட்டில்கூட ஒன்றுபோல இருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேபிளைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தோம். டௌஸ் 2011 ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் 2014ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது என்பது எனக்கு முன்பே தெரியும். முதல் நாள் அந்தப் பெயர் என்னை இழுக்கவில்லை. மறுநாள் துளியும் இழுக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்தப் பெயருக்கு விலையும் உண்டு. அந்தக் கடையில் நான்கிலும் டௌஸ்தான் விலை அதிகம். ஒரே இரவில் ஆறேழு பேர் சேர்ந்து முடிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கூடுதல் காசு தேவையே இல்லை, ஃபொன்சேகா வாங்குங்கள். அன்றைக்குத் திறந்து அன்றைக்கே குடிக்க இந்த நான்கில் அதற்கு ஈடில்லை.

மூன்று டௌஸ் வாங்கி வந்தோம். ஒன்றைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் திறந்தோம். இரண்டாம் இரவு கயாவில் குடித்தது போலவே இருந்தது, மூன்றாம் இரவு அதைவிட நன்றாக இருந்தது, நான்காம் இரவு தளரத் தொடங்கியது. ஐந்தாம் நாள் மிச்சத்தில் பேரிக்காயை வேகவைத்துச் சாப்பிட்டோம். மற்ற இரண்டும் படிக்கட்டுக்குக் கீழே வெயில் படாத மூலையில் படுத்திருக்கின்றன, லேபிள் மேல்பக்கமாக. எந்தப் பக்கம் வண்டல் படிந்திருக்கிறது என்று திறக்கும் நாளில் தேட வேண்டியிருக்காது.